மேல்நிலைப் பாடப்பிரிவும் பட்டப்படிப்பின் நுழைவுத் தகுதியும்

தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு, கல்லூரிகளில் நடந்துவந்த புகுமுக வகுப்பு கைவிடப்பட்டுப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளைக் கொண்ட மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்குள் கொண்டுவரப்பட்டபோது, உயர்கல்வியின் திசையைத் தீர்மானிக்கும் பொறுப்பும் கல்லூரியிலிருந்து பள்ளித் தலைமையாசிரியர் அறைக்கு இடம் மாறியது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான சில நாள்களில், பதினைந்து வயதே நிரம்பிய ஒரு மாணவர் பள்ளியில் தரும் சேர்க்கை விண்ணப்பத்தில் குறிக்கப்படும் பாடப்பிரிவு, இரண்டாண்டு கழித்து அவர் எந்தெந்தப் பட்டப்படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம், எவற்றுக்கு விண்ணப்பிக்கவே இயலாது என்பதை ஏறத்தாழ முடிவு செய்துவிடுகிறது. இத்தனை கனமான முடிவு பல வீடுகளில் மதிப்பெண்ணைப் பார்த்தும் அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டும் ஓரிரு நாள்களில் எடுக்கப்படுகிறது என்பதாலேயே இதற்கெனத் தனி இயல் வேண்டியிருக்கிறது.

மேல்நிலை வகுப்பில் ஒரு மாணவர் ஆறு பாடங்களைப் படிக்கிறார். முதற்பகுதியில் தமிழ் அல்லது வேறொரு மொழி, இரண்டாம் பகுதியில் ஆங்கிலம், மூன்றாம் பகுதியில் நான்கு சிறப்புப் பாடங்கள்; பாடத்துக்கு 100 வீதம் மொத்தம் 600 மதிப்பெண். அந்த நான்கு சிறப்புப் பாடங்களின் தொகுப்பே பாடப்பிரிவு, பேச்சு வழக்கில் ‘குரூப்’. நான்கையும் மாணவர் தம் விருப்பப்படி தனித்தனியே பொறுக்கியெடுக்க முடியாது. அந்தப் பள்ளி எந்தத் தொகுப்புகளை நடத்துகிறதோ அவற்றுள் ஒன்றைத்தான் ஏற்க முடியும். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் அடங்கியது ‘பயோ மேத்ஸ்’ எனவும், உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் வருவது ‘கம்ப்யூட்டர் மேத்ஸ்’ எனவும், கணிதம் நீங்கி இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் சேர்ந்தது ‘ப்யூர் சயின்ஸ்’ எனவும் வழங்கப்படுகின்றன. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகிய மூன்றோடு கணினிப் பயன்பாடுகளோ வணிகக் கணிதமும் புள்ளியியலுமோ சேர்வது காமர்ஸ் பிரிவு. வரலாறு, புவியியல், அரசியல் அறிவியல் போன்றவை அடங்கிய கலைப் பிரிவும், செவிலியம், வேளாண் அறிவியல், அடிப்படை இயந்திரப் பொறியியல் முதலியவற்றைச் செய்முறையோடு கற்பிக்கும் தொழிற்கல்விப் பிரிவும் எஞ்சியவை.

பல பள்ளிகளில் இப்பிரிவுகள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரிசையிலேயே பகிர்ந்தளிக்கப்படுகின்றன. மிகுதியாக எடுத்தவருக்கு ‘ஃபர்ஸ்ட் குரூப்’, அடுத்தவருக்குக் காமர்ஸ், கடைசியில் நிற்பவருக்குத் தொழிற்கல்வி என்ற இந்த வரிசையை ஊரும் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் எந்தப் பல்கலைக்கழகமும் இப்படி ஒரு வரிசையை அங்கீகரிப்பதில்லை. சட்டம் படிக்க விரும்பும் மாணவர் 480 மதிப்பெண் எடுத்திருக்கிறார் என்பதற்காக அவரைப் பயோ மேத்ஸில் சேர்ப்பதும், பொறியியலில் நாட்டமுள்ள மாணவர் கணிதத்தில் நன்றாக எடுத்திருந்தும் மொத்தத்தில் குறைந்தார் என்பதற்காக வேறு பிரிவுக்குத் தள்ளுவதும் ஒரே வகைத் தவறுகள்தாம்.

பின்னிருந்து தொடங்கும் முறை

இத்தவறுகளைத் தவிர்ப்பதற்கான வழி, பிரிவிலிருந்து பட்டப்படிப்பை நோக்கிப் போகாமல், பட்டப்படிப்பிலிருந்து பிரிவை நோக்கி வருவதாகும். மாணவர் விரும்பக்கூடிய இரண்டு அல்லது மூன்று பட்டப்படிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றைப் பற்றியும் மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, மேல்நிலையில் எந்தப் பாடங்களைக் கட்டாயம் படித்திருக்க வேண்டும் என்பது. இது தகுதி நிபந்தனை. இரண்டாவது, படித்த பாடங்களுள் எவற்றின் மதிப்பெண் தரவரிசைக்குக் கணக்கிடப்படுகிறது என்பது. மூன்றாவது, தனி நுழைவுத்தேர்வு உண்டா, உண்டெனில் அது எந்தப் பாடங்களில் கேள்வி கேட்கிறது என்பது. இம்மூன்றும் ஒன்றல்ல என்பதைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை; தகுதி இருப்பதாலேயே இடம் கிடைத்துவிடும் என்று நம்புவதும், தரவரிசைக்கு உதவாத பாடத்துக்காக ஆண்டு முழுவதும் தனிப்பயிற்சிக்குச் செலவிடுவதும் இக்கவனக்குறைவின் விளைவுகள்.

பொறியியலை எடுத்துக்காட்டாகக் கொண்டால் வேறுபாடு தெளிவாகும். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் தமிழ்நாட்டில் பொறியியலுக்கான பொது நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டபின், மாநிலக் கலந்தாய்வில் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டுமே கொண்டு நடைபெறுகிறது. கணித மதிப்பெண் முழுமையாகவும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் பாதி பாதியாகவும் சேர்க்கப்பட்டு 200க்குக் கணக்கிடப்படும் எண்ணே ‘கட் ஆஃப்’. கணிதத்தில் 95, இயற்பியலில் 80, வேதியியலில் 84 பெற்றவருக்கு 95, 40, 42 எனச் சேர்ந்து 177 வருகிறது. கணிதத்தில் 80, மற்ற இரண்டிலும் 95 பெற்றவருக்கு 80, 47.5, 47.5 எனச் சேர்ந்து 175 மட்டுமே வருகிறது. மூன்று பாட மொத்தத்தில் இரண்டாமவர் 11 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றிருந்தும் தரவரிசையில் பின்னால் நிற்கிறார்; இருவரும் சமமாக நின்றிருந்தாலும் முதலில் ஒப்பிடப்படுவது கணித மதிப்பெண்தான். மொழிப்பாடங்களும் நான்காவது சிறப்புப் பாடமும் இந்த 200க்குள் வருவதே இல்லை.

நான்காவது பாடம் கணக்கில் வருவதில்லை என்பதிலிருந்து இன்னொரு முடிவும் பெறப்படுகிறது. கணினிப் பொறியியல் படிக்க வேண்டுமானால் மேல்நிலையில் கணினி அறிவியல் படித்தே ஆக வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை, அது தவறு. உயிரியலை நான்காவது பாடமாகப் படித்தவரும் அதே கலந்தாய்வில், அதே கட் ஆஃபில், அதே கணினிப் பொறியியல் இடத்துக்குப் போட்டியிடலாம். மறுதலையாக, கணினி அறிவியல் படித்தவர் மருத்துவத்துக்கு எளிதில் திரும்ப முடியாது. உயிரியலைக் கூடுதல் பாடமாகப் பின்னர் எழுதித் தேறியவர்களும் ‘நீட்’ தேர்வு எழுதலாம் எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்திருந்தாலும், அது மேலும் உழைப்பையும் காலத்தையும் கேட்கும் சுற்றுவழியே. ஆகவே பொறியியலா மருத்துவமா என்று உண்மையிலேயே தெளிவுபடாத மாணவருக்குப் பயோ மேத்ஸ் பொருத்தமானது. உயிரியலில் சற்றும் நாட்டமில்லாதவரை, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அதில் சேர்ப்பது மட்டும் தகாது. ஆர்வமில்லாப் பாடத்துக்குப் போகும் நேரம் கணிதத்திலிருந்து பிடுங்கப்படும் நேரமாகும், பொறியியல் தரவரிசை நிற்பதோ கணிதத்தின்மேல்.

கணிதத்தை விடுவதன் விலை

பிரிவுத் தேர்வில் மிகவும் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு கணிதத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதே. மேல்நிலையில் கணிதம் படிக்காதவருக்கு மாநிலக் கலந்தாய்வு வழியிலான பொறியியல் மட்டுமல்லாமல், கணிதம், புள்ளியியல் ஆகியவற்றில் இளநிலைப் பட்டமும், கட்டடக்கலைப் பட்டமான பி.ஆர்க்கும் எட்டாமல் போகின்றன. இயற்பியல் பட்டப்படிப்பிலும் கல்லூரிகள் கணிதத்தை எதிர்பார்க்கின்றன. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகமும், கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் தங்கள் இளநிலைப் படிப்புகளுக்கு நடத்தும் நுழைவுத்தேர்வுகள் மேல்நிலைக் கணிதத்தின் ஆழத்தையே சோதிக்கின்றன. கலைப்பாடம் என்று கருதப்படும் பொருளியலிலும் இதே நிலைதான்: டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் சிறப்புப் பட்டப்படிப்புக்குக் கணிதம் கட்டாயம்.

உயிர் அறிவியலில் ஆராய்ச்சி செய்ய விரும்புவோரும் கணிதத்தை விடுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள், அதாவது ஐசர்கள், தங்கள் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புக்கு நடத்தும் தகுதித் தேர்வில் 60 கேள்விகள் உள்ளன. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15. நான்கு பாடங்களையும் முறையாகப் படித்த பயோ மேத்ஸ் மாணவருக்கே இத்தேர்வு இயல்பாக அமைகிறது. ப்யூர் சயின்ஸ் மாணவர் கால்பங்கு வினாத்தாளுக்குப் புதிதாகத் தயாராக வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், ப்யூர் சயின்ஸ் பிரிவுக்குரிய நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பயோ மேத்ஸில் உயிரி-தாவரவியலும் உயிரி-விலங்கியலும் ஒரே 100 மதிப்பெண் பாடத்தின் இரு பாதிகளாகச் சுருங்க, ப்யூர் சயின்ஸில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்களாக விரிவாகக் கற்பிக்கப்படுகின்றன. மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180, கணிதத்துக்கு இடமில்லை. மருத்துவம், செவிலியம், மருந்தியல், கால்நடை மருத்துவம் ஆகிய வட்டத்துக்குள்ளேயே தம் விருப்பம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மாணவர் கணிதத்தை விட்டு உயிரியலில் ஆழ்வது நேர்மையான தேர்வு. ஆனால் இயற்பியலில் ‘நீட்’ கேட்கும் கணக்குகளுக்கு மடக்கை, முக்கோணவியல், எளிய வகையிடல் ஆகியவை வேண்டும் என்பதால், அவற்றைத் தனியே கற்றுக்கொள்ள வேண்டிய கடமை அவருக்கு எஞ்சுகிறது. நீட் ஒன்றே உயிர் அறிவியலின் வாசல் என்று எண்ணவும் வேண்டியதில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்புகளும் அவ்வாறே.

வணிகம், கலை, தொழிற்கல்வி

வணிகப் பிரிவைப் பற்றிய பெருந்தவறு, அது கணக்குக்குப் பயந்தவர்களின் புகலிடம் என்ற எண்ணம். பட்டயக் கணக்காளர் படிப்பின் அடித்தளத் தேர்வில் உள்ள நான்கு தாள்களுள் ஒன்று அளவுசார் திறன். வணிகக் கணிதம், தருக்க அறிவு, புள்ளியியல் மூன்றும் அதில் அடக்கம். எனவே சி.ஏ., நிதி மேலாண்மை, தரவுப் பகுப்பாய்வு போன்றவற்றை நோக்கும் மாணவர், பள்ளியில் இரண்டு காமர்ஸ் தொகுப்புகள் இருந்தால், வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ளதையே எடுப்பது நல்லது. சி.ஏ. அடித்தளத் தேர்வை எந்தப் பிரிவில் படித்தவரும் எழுதலாம் என்றாலும், கணக்குப்பதிவியலை இரண்டாண்டு படித்தவருக்கு முதல் தாளில் கிடைக்கும் முன்னிலை சிறிதன்று.

ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எல்லாப் பிரிவினரும் தகுதி உடையவர்கள். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டும், திருச்சிராப்பள்ளியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ‘கிளாட்’ என்னும் அகில இந்தியத் தேர்வைக் கொண்டும் மாணவரைச் சேர்க்கின்றன. வரலாறும் அரசியல் அறிவியலும் படித்தவருக்குச் சட்டப் படிப்பின் முதல் ஆண்டுகள் எளிதாகின்றன. ஆயினும் கலைப் பிரிவைத் தேடும் மாணவருக்கு அதை நடத்தும் பள்ளி அருகில் கிடைப்பது அரிதாகிவருவது வருந்தத்தக்கது.

தொழிற்கல்விப் பிரிவும் முட்டுச்சந்தன்று. பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பாடப் பிரிவினருக்கெனத் தனி இடங்கள் உள்ளன. பத்தாம் வகுப்புக்குப்பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயம் முடித்தவர், பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் உண்டு. பக்கவழிச் சேர்க்கை எனப்படும் இது, கைவேலையில் திறமையும் ஏட்டுப் பாடத்தில் தயக்கமும் உள்ள மாணவருக்கு மேல்நிலையைவிடப் பல வேளைகளில் பொருத்தமானது. தவறான பிரிவில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கும் சில வழிகள் திறந்திருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பில் எந்த மேல்நிலைப் பிரிவினரும் சேரலாம்; பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்து, அந்நிறுவனம் வைக்கும் தகுதிச் சுற்றில் தேறினால் போதும்.

பள்ளி மாறுவதற்கு முன்

விரும்பிய பிரிவு தாம் படிக்கும் பள்ளியில் இல்லாதபோது மாணவர் பள்ளி மாற நேர்கிறது. பத்தாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற அரசுப் பள்ளி மாணவரைக் கட்டணச் சலுகையோடு தனியார் பள்ளிகள் அழைப்பதும் உண்டு. இந்த இடத்தில் குடும்பங்கள் செய்யும் தவறு, மற்றெல்லாத் தவறுகளையும்விடப் பெரிய இழப்பைத் தரக்கூடியது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் அதே அளவு ஒதுக்கீடு 2021 முதலும் நடைமுறையில் உள்ளன. இவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாறிய மாணவர், முந்தைய ஐந்தாண்டும் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தாலும், இந்த உரிமையை முற்றாக இழக்கிறார். உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும், 2024இல் மாணவர்களுக்கெனத் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் பன்னிரண்டாம் வகுப்பு வரை எந்தப் பள்ளியில் படித்தார் என்பதையே பார்க்கின்றன. தனியார் பள்ளி தரும் சலுகை இரண்டாண்டுக் கட்டணத்தோடு முடிந்துவிடுவது; இழக்கப்படுவதோ நான்கைந்து ஆண்டுப் பட்டப்படிப்பின் முழுச் செலவும், சில வேளைகளில் அந்தப் பட்டப்படிப்பிலான இடமும். விரும்பிய பிரிவு இல்லையெனில் முதலில் தேட வேண்டியது பக்கத்து ஊரின் அரசு மேல்நிலைப் பள்ளியையே.

பயிற்றுமொழியை மாற்றும் முடிவும் இவ்வாறே பின்விளைவு உடையது. முதல் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் பயின்றோருக்கு மாநில அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு இடங்கள் முன்னுரிமையாக ஒதுக்கப்படுகின்றன. கல்லூரியில் ஆங்கிலம் தடுமாறும் என்ற அச்சத்தால் பதினொன்றாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறுவோர் இதையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பின் இடம்

பிரிவைச் சரியாகத் தேர்ந்தபின்னும் ஓர் ஆபத்து எஞ்சியிருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் பெயருக்கு முடித்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டாண்டும் நடத்தும் வழக்கம் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் நெடுநாள் இருந்தது. அதைத் தடுப்பதற்காக 2018இல் கொண்டுவரப்பட்ட பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு, 2025ஆம் ஆண்டு வெளியான மாநிலக் கல்விக் கொள்கைக்குப்பின் நீக்கப்பட்டிருக்கிறது. தேர்வுச் சுமை குறைந்தது நன்றே. ஆனால் பழைய வழக்கம் திரும்பினால் இழப்பு மாணவருக்குத்தான். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் இயல் தலைப்புகளைப் பார்த்தாலே இது விளங்கும்: அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள், வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள், வகைநுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகைநுண்கணிதத்தின் பயன்பாடுகள். எவற்றின் பயன்பாடுகள் என்று இவை பேசுகின்றனவோ அவையெல்லாம் கற்பிக்கப்படுவது பதினொன்றாம் வகுப்பில். எல்லை, தொடர்ச்சி, வகையிடல் ஆகியவற்றை அங்கே விளங்கிக்கொள்ளாதவர் பன்னிரண்டில் சூத்திரங்களை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றுவிடக்கூடும். பொறியியல் முதலாண்டுக் கணிதத் தாளில் அவர் தடுமாறுவது அதனால்தான். நீட், ஜே.இ.இ. ஆகிய தேர்வுகளின் பாடத்திட்டம் இரு வகுப்புகளையும் சேர்த்தே அமைந்திருக்கிறது. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது, பதினொன்றாம் வகுப்புப் பாடம் முழுமையாக நடத்தப்படுகிறதா, ஆய்வகச் செய்முறை வகுப்புகள் உண்மையில் நடைபெறுகின்றனவா என்பதை அங்கே இப்போது படிக்கும் மாணவரிடமே கேட்டறிவது விளம்பரப் பலகையைப் படிப்பதைவிடப் பயனுள்ளது.

சேர்ந்த சில வாரங்களிலேயே பிரிவு பொருந்தவில்லை என்று மாணவர் சொன்னால், அதைச் சோம்பல் என்று ஒதுக்காமல் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இடமிருக்கும்போது தொடக்க வாரங்களில் மாற்றித் தரும் பள்ளிகள் உண்டு, பாடங்கள் பாதி நடந்தபின் அது கடினம்.

நுழைவுத் தகுதிகளும் தேர்வு முறைகளும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறுகின்றன. எனவே பெற்றோரும் மாணவரும் சேர்க்கை விண்ணப்பத்தில் பிரிவைக் குறிப்பதற்கு முன், விரும்பும் பட்டப்படிப்புக்கு அந்த ஆண்டு வெளியிடப்பட்ட தகவல் கையேட்டை எடுத்துத் தகுதிப் பாடங்கள் குறிக்கப்பட்ட பக்கத்தைச் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். ஐயம் எழுந்தால், பத்தாம் வகுப்பு ஆசிரியரிடமும் அப்படிப்பில் இப்போது பயிலும் மாணவர் ஒருவரிடமும் கேட்டுத் தெளிந்தபின் கையெழுத்திட வேண்டும்.